அங்கே வானம் எப்படி

பெட்டி மாடிப்படியின் இரண்டாவது திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. முன்னால் பிடித்திருந்தவர் மேலே ஏறவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் முழங்காலால் அதை முட்டுக்கொடுத்து நின்றார். பின்னால் இருந்தவர், "யாராவது லைட்டைப் போடுங்கப்பா, கால் வைக்கிற இடமே தெரியல" என்றார்.

மூன்றாவது மாடி வாசலில் நின்றிருந்த விளக்குக்காரருக்கு அது கேட்டது. மாடிப்படி பல்பு போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன. நகராட்சியில் தெருவிளக்கு மாட்டுகிறவர் அவர். ஏணி வண்டியில் ஏறி நகரத்தின் பாதித் தெருக்களுக்கு வெளிச்சம் கொடுத்தவர். ஊருக்கெல்லாம் விளக்கு, வீட்டுப் படியில் இருட்டு என்று கீழ்வீட்டுக்காரர் எப்போதும் நக்கலடிப்பார். இன்று அவரும் தன் வாசலில்தான் நின்றிருந்தார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தன் கைபேசி விளக்கைப் படியை நோக்கிப் பிடித்தார்.

"சாய்ச்சுப் பிடிங்க. தலைப்பக்கம் மேல. இப்ப திருப்புங்க" என்று விளக்குக்காரர் மேலிருந்து சொன்னார். எத்தனையோ கம்பங்களைச் சந்துகளுக்குள் திருப்பிக் கொண்டுபோனவரின் குரல் அது, நிதானமாக இருந்தது. குளிர்பெட்டி சுவரில் ஒரு கோடு கிழித்துவிட்டு மேலே வந்தது.

கூடத்தில் மேசையை ஓரமாகத் தள்ளி இடம் செய்திருந்தார்கள். மறுநாள் காலையில்தான் எரிமேடையில் நேரம் கிடைத்திருந்தது. அதுவரை மனைவி இந்தப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டி கொண்டுவந்தவர் ஒரு வயரை எடுத்து நீட்டினார். விளக்குக்காரர் அதை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"இது தாங்காது. ராத்திரி முழுக்க ஓடணும். சூடேறிடும்."

"எல்லா வீட்டுலயும் இதைத்தான் சார் போடறோம்."

அவர் அந்த வயரைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போய்த் தன் வேலைப் பையிலிருந்து தடித்த வயரையும் ப்ளக்கையும் எடுத்துவந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயரின் தோலைச் சீவ ஆரம்பித்தார். பக்கத்து அறைக் கட்டிலில் அவள் கிடந்தாள். சுற்றிலும் பெண்கள் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். இவர் திருகாணியை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். அந்த வேலை இன்னும் கொஞ்சம் நீண்டால் தேவலை என்றிருந்தது.

காலையில் அவள் பேசினாள். நுரையீரல் கெட்டுப்போன இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் பேச்சு குறைந்து குறைந்து, வேண்டியதை மட்டும் சொல்வதாகிவிட்டது. ஆனால் காலையில் கேட்டது வேண்டிய விஷயமாகப் படவில்லை. இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டாள். சொன்னார். வெளியே எப்படி இருக்கிறது என்றாள். அவர் அப்போது ஆக்சிஜன் குழாயின் இணைப்பில் டேப் சுற்றிக்கொண்டிருந்தார். ஜன்னல் அவருக்குப் பின்னாலேயே இருந்தது.

"எப்படியிருக்கும்? வெயில்தான்."

"மேகம் இருக்கா?"

"பேசாத. மூச்சு வாங்குது பாரு."

அவள் பேசவில்லை. அவர் பால் சுடவைக்க அடுப்படிக்குப் போனார். டம்ளரில் ஊற்றி, ஆற்றி, சூடு பார்த்து எடுத்து வந்தபோது இயந்திரம் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பால் இன்னும் ஜன்னல் விளிம்பில் ஆடை படிந்து இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கப்பலில் இருக்கும் மகனுக்கு, கம்பெனி அலுவலகம் மூலமாகத் தகவல் போனது. அவனே மதியம் கூப்பிட்டான். குரல் ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாக வந்ததால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் பல நாள் இருந்தது. அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவன்தான் முதலில் சொன்னான். முடிந்தால் ராத்திரி கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

கொழுந்தியாள் இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தாள். மலைமேல் ஒரு பூச்செடிப் பண்ணையில் வேலை பார்ப்பவள். ஒரு வாரமாக அங்கே தூறல் விடவில்லையாம், பாதையில் மண் சரிந்து பஸ் சுற்றிக்கொண்டு வந்ததாம். இந்தப் புழுக்கத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் நேரே வந்து பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். சத்தம் போட்டு அழவில்லை. நிமிர்ந்தபோது கண்ணாடியில் அவள் கன்னத்தின் தடம் ஈரமாக இருந்தது.

எதிர்வீட்டிலிருந்து டீயும் ரொட்டியும் வந்தன. ஒவ்வொருவராகக் காலையில் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். கடைசியில், மனைவி பல வருஷம் வேலை பார்த்த கண்ணாடிக்கடையின் முதலாளி மட்டும் மூலை நாற்காலியில் இருந்தார். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. அவள் கை பட்டுத்தான் இந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் கண் தெரிகிறது என்று வந்தவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொழுந்தியாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தான், இன்னைக்குத்தான். ஞாபகம் இருக்கா?"

"எது?"

"எரிநட்சத்திரம். இன்னைக்கு ராத்திரிதானே கொட்டும்."

அவர் கையிலிருந்த டீ டம்ளரைத் தரையில் வைத்தார். தேதி கேட்டதும் மேகம் கேட்டதும் அப்போதுதான் அவருக்குள் ஒன்றாகச் சேர்ந்தன.

அந்த வழக்கம் மகன் முதன்முறை கப்பலேறிய வருஷத்தில் ஆரம்பித்தது. நடுக்கடலிலிருந்து ஒரு ராத்திரி கூப்பிட்டு, "அம்மா, வானத்துலேருந்து நட்சத்திரமா உதிருதும்மா, மாடிக்குப் போய்ப் பாருங்க" என்றானாம். அவள் செருப்புகூடப் போடாமல் மொட்டைமாடிக்கு ஓடினாள். நகரத்தின் மஞ்சள் புகையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மகன் பார்க்கிற அதே பக்கத்தைத் தானும் பார்த்துக்கொண்டு நின்றதில் அவளுக்கு என்னவோ கிடைத்துவிட்டது. மறு வருஷம் தங்கையையும் சேர்த்துக்கொண்டாள். அன்று முதல் வருஷத்துக்கு ஒரு ராத்திரி, கடலிலும் மலையிலும் இந்த மாடியிலுமாக மூன்று பேரும் போனில் பேசிக்கொண்டே பார்ப்பார்கள். "அங்க வானம் எப்படி?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கடலில் சில வருஷம் தெளிவு, சில வருஷம் புயல். மலையில் பனிமூட்டம் வந்து வந்து விலகும். இங்கே எப்போதும் புகைதான்.

அவரையும் கூப்பிடுவாள். விடிந்தால் வேலை என்பார். வானத்தில் கல் எரிகிறதைப் பார்க்க ராத்திரி முழிக்க வேண்டுமா, பகலெல்லாம் நான் விளக்கைத்தானே அண்ணாந்து பார்க்கிறேன் என்பார். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எப்போதோ இறங்கி வந்து போர்வைக்குள் நுழையும்போது அவள் பாதம் ஐஸ் மாதிரி இவர் காலில் படும். இவர் தூக்கத்திலேயே முனகிக்கொண்டு காலை இழுத்துக்கொள்வார்.

ஒரே ஒரு தடவை அவளை வெளியே அழைத்துப் போனார். அவளுக்கு உடம்புக்கு வருவதற்கு முந்தைய வருஷம். கூட வேலை பார்ப்பவரின் காரைக் கேட்டு வாங்கி, நகரத்துக்கு வெளியே நீர்த்தேக்கத்தின் கரைவரை போனார்கள். வெளிச்சமே இல்லாத இடம். ஆனால் வானம் முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. கொசு பிடுங்கியது. அவள் காரின் முன்பக்கத்தில் சாய்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். இவர் காலை வேலையை நினைத்து வண்டியைக் கிளப்பிவிட்டார். இதுக்கா இவ்வளவு தூரம் என்று கேட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பாதி வழியில் அவள் கார்க் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, பின்பக்கம் பார்த்து, "விலகுதுங்க, அங்க விலகுது பாருங்க" என்றாள். எதிரே லாரிகள் வந்துகொண்டிருந்தன. தலையை உள்ளே எடு என்று அதட்டினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று படி ஏறும்போது சொன்னார். அடுத்த வருஷம் அவளால் காரில் அவ்வளவு நேரம் உட்கார முடியவில்லை.

"அந்த நீர்த்தேக்கத்துக்குப் போனீங்களே, அதை அக்கா எத்தனை தடவை சொல்லியிருப்பா" என்றாள் கொழுந்தியாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லிச் சொல்லி எனக்கே கூட வந்த மாதிரி இருக்கு. மேகம் மூடிக் கிடந்துச்சாம். போயிடலாம், உங்களுக்குக் காலையில வேலைன்னு அக்கா சொன்னாளாம். நீங்கதான், 'இரு, இவ்வளவு தூரம் வந்துட்டு என்ன அவசரம், லீவு சொல்லிக்கறேன்'னீங்களாம். அப்புறம் மேகம் அப்படியே ரெண்டாப் பிரிஞ்சு, பச்சையா ஒண்ணு வானத்தை வகுந்துக்கிட்டுப் போச்சாம். நீங்க சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினீங்களாம்." அவள் லேசாகச் சிரித்தாள். "நீங்க கையைத் தட்டறது எப்படி இருக்கும்னு நான் யோசிச்சுக்கிட்டே இருப்பேன் அத்தான்."

பெட்டியின் உள்பக்கம் மெல்லிய ஆவி படர்ந்து மனைவியின் முகம் மங்கியிருந்தது. விளக்குக்காரர் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். ஆவி உள்ளே இருந்தது, துடைத்தால் போகாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் துடைத்தார்.

"ஆமா" என்றார். "பெருசா ஒண்ணு போச்சு."

"பச்சையா?"

"பச்சையாத்தான்."

மூலையிலிருந்த கண்ணாடிக்கடை முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்த அம்மா வேலைக்குத் தாமதமாக வருவார்கள் என்றார். கேட்டால், ராத்திரி நாங்க ரெண்டு பேரும் மாடியில கண்ணு முழிச்சோம் என்று சிரிப்பார்களாம். இந்த வயதில் இப்படி ஒரு ஜோடியா என்று தன் வீட்டில் போய்ச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறாராம் அவர்.

விளக்குக்காரர் கையிலிருந்த துணியை நாலாக மடித்தார். எத்தனை வருஷம், எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லியிருப்பாள்? எப்போது ஆரம்பித்திருப்பாள்? புருஷன் கீழே குறட்டை விடுகிறான் என்று சொல்ல வெட்கப்பட்டா, இல்லை, சொல்லும்போது அது நடந்த மாதிரியே இருந்ததாலா? ஒரு தடவைகூட இவரிடம் குறையாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் போயிருப்பாரா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் அவருக்குப் பிடித்ததாக இல்லை.

"ஒரு தடவை மேல போயிட்டு வரலாமா அத்தான்?" என்றாள் கொழுந்தியாள். "நீங்க ரெண்டு பேரும் உக்கார்ற இடத்தைப் பாக்கணும் போல இருக்கு."

போயிட்டு வாங்க, நான் இருக்கிறேன் என்றார் முதலாளி. மறுக்க ஒரு காரணம் தேடினார் விளக்குக்காரர். ப்ளக்கைத் தொட்டுப் பார்த்தார். சூடில்லை.

மொட்டைமாடிக்கு அவர் பகலில்தான் வந்திருக்கிறார், தொட்டியில் அடைப்பு எடுக்க, கொடி கட்ட. இருட்டில் வந்ததே இல்லை. கதவைத் திறந்ததும் கண் கூசியது. தெருமுனைக் கம்பத்தின் வெள்ளை விளக்கு மாடி முழுவதையும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கியிருந்தது. போன வருஷம் அவரே மாட்டியது. பழைய மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டு, மூலைக்கடை வரைக்கும் வெளிச்சம் எட்டட்டும் என்று அதன் தலையைச் சற்றுத் தூக்கி வைத்திருந்தார். மாட்டிய அன்று மனைவியை ஜன்னலுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். நல்லா பளிச்சுன்னு இருக்குங்க என்றாள். பிறகு மேலே பார்த்தாள். என்ன பார்க்கிறாள் என்று அவர் அப்போது கேட்கவில்லை.

இப்போது அந்த விளக்கை மாடியிலிருந்து பார்த்தார். கீழே நின்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு ஏதோவாகத் தெரிந்தது. தலையைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தால் போதும். ஒரு ஸ்பேனர், ஏணியில் பத்து நிமிஷம். கடைக்கும் வெளிச்சம் போயிருக்கும், மாடிக்கும் இருட்டு மிஞ்சியிருக்கும்.

"எங்க உக்காருவீங்க?"

அவருக்குத் தெரியவில்லை. ஆனால் வெளிச்சம் எங்கே விழும், எங்கே விழாது என்பதுதானே அவர் பிழைப்பு. கம்பத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் மட்டும் கறுப்பாக ஒரு நிழல் விழுந்திருந்தது. மாடி முழுக்கத் தேடினாலும் அது ஒன்றுதான் இடம்.

"இந்தப் பக்கம்" என்று நடந்தார்.

தொட்டிக்குப் பின்னால் குழாய்களுக்கும் சுவருக்கும் நடுவில், சுருட்டிய ஒரு பாய் செருகப்பட்டிருந்தது. கொழுந்தியாள் அதை உருவி விரித்தாள். ஒருவர் படுக்கிற பாய். அதுவும் ஒல்லியான ஒருவர். நிழலின் அகலத்துக்கு அது சரியாக இருந்தது.

அவள் குனிந்தபடியே இருந்தாள்.

"ஒரு பாய்தானா அத்தான்?"

"இன்னொண்ணு கிழிஞ்சிடுச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மழையில நனைஞ்சு" என்றார்.

கொழுந்தியாள் பாயின் ஓரத்தைக் கையால் நீவிவிட்டாள். பாயில் உட்காராமல் பக்கத்துத் தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டாள். அவரும் பாயில் உட்காரவில்லை. வானம் சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் நாலைந்து நட்சத்திரம். அவையும் இருக்கின்றனவா, கண் தானாகப் போட்டுக்கொள்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

"அதோ" என்றாள் அவள் திடீரென்று. "பாத்தீங்களா?"

அவர் அப்போது பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்" என்றார்.

அக்காவைத் தனியே விட்டுவிட்டு வந்தது மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சற்று நேரத்தில் அவள் இறங்கிப் போனாள். போகும்போது அவர் தோளை ஒரு தடவை தொட்டாள். அவள் இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, யாரோ தடுப்பார்கள் என்பதைப்போலத் தயங்கி, பாயில் படுத்தார். கால் வெளியே நீண்டது. தலைமாட்டில் தொட்டிக்குள் தண்ணீர் லேசாகச் சலசலத்தது. மூன்று மாடிக்குக் கீழே யாரோ கதவைச் சாத்தினார்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருப்பாள். சிமெண்டுத் தரையின் குளிர் பாயைத் தாண்டி முதுகுக்கு வந்தது, பாதத்துக்கு வந்தது.

போன் அடித்தது. நீளமான கப்பல் எண்.

"அப்பா." பிறகு தாமதம். "எங்க இருக்கீங்க?"

"மாடியில."

தாமதம் வழக்கத்தைவிட நீண்டது. இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தார். போகவில்லை. மகன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவனும் மேல்தளத்தில்தான் நின்றிருந்தான். காவல்முறை முடிந்து வந்து நிற்கிறானாம். அங்கே மேகம் ஒரு பொட்டு இல்லையாம், கொட்டிக்கொண்டிருக்கிறதாம், எண்ண முடியவில்லையாம். அதைச் சொல்லும்போது ஏதோ தப்பு செய்தவன் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அங்க வானம் எப்படிப்பா?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எங்கே கேபிள் போகிறது, எந்தக் கம்பத்தில் கோளாறு என்று கேட்டிருக்கிறார்கள். அவர் மேலே பார்த்தார். இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல், ஒரு தெருவைப் பார்வையிடுகிற மாதிரி பார்த்தார்.

"தெளிவா இல்ல" என்றார். "புகையா இருக்கு. தெருவிளக்கு வெளிச்சம் வேற. தலைக்கு நேரா மட்டும் கொஞ்சம் கறுப்பா இருக்கு. நாலு நட்சத்திரம் தெரியுது. அஞ்சாவது இருக்கா இல்லையான்னு தெரியல."

"ஏதாவது விழுந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"இருங்கப்பா. கண்ணு பழகணும். போன் வெளிச்சம் கண்ணுல படக் கூடாது. அம்மா கவுத்து வச்சுட்டுத்தான் பேசுவாங்க."

அவர் போனைப் பாயின் ஓரத்தில், காதுக்குப் பக்கத்தில், கவிழ்த்து வைத்தார். திரையின் ஒளி பாயின் கோரைகளுக்கிடையே கோடு கோடாகத் தெரிந்து, பிறகு அணைந்தது. அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. யாரும் வைத்துவிடவும் இல்லை. போனுக்கு அடியிலிருந்து கடல்காற்று விட்டு விட்டு இரைந்துகொண்டிருந்தது.